கைக்குழந்தை, காலை ஓட்டம், குடும்பக் காமிக்ஸ்: மூன்றையும் வைத்திருக்கும் தந்தையர் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

புளியரைச் சாரல் (செங்கோட்டை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓடுகிறவர்களும் படம் வரைகிறவர்களும் இங்கே சேர்ந்தே எழுதுவதால் என் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். நான் செங்கோட்டையில் குடியிருந்துகொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்வருகிறேன். மழலையர் பள்ளிக்குப் போகும் மகளும், இப்போதுதான் குப்புற விழுந்து நீந்தத் தொடங்கியிருக்கும் மகனும் இருக்கிறார்கள். மனைவி பள்ளி ஆசிரியை. பேறுகால விடுப்பு முடிந்து, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வேலைக்குத் திரும்புகிறார்.

ஓட்டம் எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்து வந்த பழக்கம். வயல்களை ஒட்டிப் புளியரை வரை போய்த் திரும்புவதும், விடுமுறை நாளில் குண்டாறு அணைப் பக்கம் ஏறி இறங்குவதும் என் வழக்கம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நேரே முகத்தில் அடிக்கும் சாரல் மாதங்களில், போகும்போது காற்றை எதிர்த்தும் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளவும் ஓடுகிற அந்த நேரம் கிடைக்காவிட்டால், அன்றைய நாள் முழுவதும் எனக்கு உடம்பும் மனமும் கனத்தே கிடக்கும். கோவை மாரத்தானில் அரை மாரத்தான் தூரமான 21.1 கிலோமீட்டரை நல்ல நேரத்தில் ஓடி முடிக்க வேண்டும் என்ற ஆசை இன்னும் உள்ளே இருக்கிறது.

காமிக்ஸ் பிறகு வந்தது. ஒரு முறை மகளைக் கொல்லம் ரயிலில் அழைத்துப் போனபோது, ஆரியங்காவுக்கு முன்னால் வண்டி குகைக்குள் நுழைந்ததும், "அப்பா, மலை நம்மளை முழுங்கிட்டு அந்தப் பக்கம் துப்பிருமா?" என்று அவள் கேட்டாள். வீட்டுக்கு வந்து அதை நான்கு கட்டங்களில் வரைந்தேன். மூன்றாவது கட்டம் முழுக்கக் கறுப்பு. அதற்குள் அவள் குரல் மட்டும் வெள்ளெழுத்தில் இருக்கும். உறவினர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து வீட்டில் நடப்பவற்றை வரைந்து இன்ஸ்டாகிராமில் போட்டுவருகிறேன். மகன் பிறந்த பிறகு கை அதிகமாக ஓடவில்லை.

என் சங்கடம் இதுதான். காலையில் ஓடினால் இரவில் வரைவதற்குக் கண் நிற்பதில்லை. இரவில் வரைந்தால் காலையில் எழ முடிவதில்லை. இரண்டையும் செய்த வாரத்தில் பிள்ளைகளின் பக்கத்தில் இருந்தும் அவர்களோடு இல்லாதவனாக ஆகிவிடுகிறேன். ஒன்றை விட்டுவிடுங்கள் என்று சொல்வதானால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். குறைந்தது எவ்வளவு ஓடினால் இருக்கிற தெம்பு குறையாமல் இருக்கும்? படம் வரைவதற்கு எந்த நேரம் உகந்தது? பிள்ளைகளை வரைந்து எல்லாரும் பார்க்கும் இடத்தில் போடுவது சரிதானா? இந்த மூன்றுக்கும் அனுபவப்பட்டவர்கள் பதில் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கணவாய்க் காற்று (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு) எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். படம் வரைவதைப் பற்றிச் சொல்லத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். நீங்கள் சொன்ன அதே காற்றைப் பாலக்காட்டுக் கணவாயில் நாங்களும் வாங்கிக்கொண்டுதான் ஓடுகிறோம் என்பதால் உங்கள் ஏக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவான ஓட்டமே இப்போதைக்குப் போதும். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ராபர்ட் ஹிக்ஸன் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில் இதையே சோதித்துப் பார்த்தார். வாரத்தில் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்து தேறியவர்களில் சிலரை வாரத்துக்கு 4 நாளாகவும் சிலரை 2 நாளாகவும் குறைத்துக்கொள்ளச் செய்து, வேகத்தை மட்டும் பழையபடியே வைத்திருக்கச் சொன்னார். 15 வாரங்கள் கழித்தும், உடல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் உச்ச அளவு இரு பிரிவினருக்கும் குறையவில்லை. அடுத்த ஆய்வில் நாட்களை அப்படியே வைத்துக்கொண்டு நேரத்தை 26 நிமிடமாகவும் 13 நிமிடமாகவும் வெட்டியபோதும் அந்த உச்ச அளவு நின்றது. 13 நிமிடக்காரர்களுக்கு நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் திறன் மட்டும் இறங்கியது. ஆனால் வேகத்தைக் குறைக்கச் சொன்ன மூன்றாவது ஆய்வில் தெம்பு தானாகவே சரிந்தது. ஆக, நாளையும் நேரத்தையும் குறைத்தால் உடம்பு பொறுத்துக்கொள்கிறது. வேகத்தை அடியோடு கைவிட்டால் பொறுப்பதில்லை.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு வழி கிடைக்கிறது. வாரத்தில் ஒரு நாள் மூச்சு வாங்கும்படியான குறுகிய ஓட்டம், பண்பொழித் திருமலைக் கோவில் சாலை போன்ற ஏற்றத்தில் ஓடி, நடந்து இறங்கி, மறுபடி ஓடுவது. இன்னொரு நாள் பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகக்கூடிய நிதானத்தில் சற்று நீண்ட ஓட்டம். மூன்றாவது நாள் வாய்த்தால் நல்லது, வாய்க்காவிட்டால் நட்டமில்லை. உடல்நலத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவும் மிதமான உழைப்பு என்றால் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், கடுமையான உழைப்பு என்றால் 75 முதல் 150 நிமிடம் என்பதுதான். அரை மாரத்தானில் நல்ல நேரம் எடுப்பதை மகன் இரவு முழுவதும் தூங்கப் பழகிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதை இந்த ஆண்டே செய்ய வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. இரவில் குழந்தை பலமுறை எழுப்பிவிட்ட மறுநாள் காலையில் கடுமையான பயிற்சி வேண்டவே வேண்டாம். தூக்கம் கெட்ட உடம்பில்தான் கெண்டைக்காலும் குதிகாலும் முதலில் மாட்டிக்கொள்கின்றன.

குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஓடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கழுத்து நன்றாக நின்று, 6 முதல் 8 மாதமாவது ஆன பிறகே, அதுவும் ஓட்டத்துக்கென்றே செய்யப்பட்ட மூன்று சக்கர வண்டியில், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டியது அது. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744இல் சோதனைச் சாவடியை நோக்கி லாரிகள் வரிசையாக வரும் இடத்தில் அதை நினைத்தும் பார்க்க வேண்டாம். நீங்கள் தனியாக ஓடும்போதும் சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒளி திருப்பும் மேல்சட்டை போட்டுக்கொண்டு ஓடுங்கள். வடகரை, மேக்கரைப் பக்கம் யானை இறங்கும் காலத்தில் இருட்டில் தனியாகப் போகாதீர்கள். அப்பாவை எதிர்பார்த்து வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை விடியற்காலை நாலரை மணிதான் சிறந்தது. அது யாருக்கும் சொந்தமில்லாத நேரம். யாருடைய வேலையும் கெடாது.

கூடலூர்த் திராட்சை (கம்பம் பள்ளத்தாக்கு) எழுதியது:

கொழிஞ்சாம்பாறை அண்ணன் எழுதியதில் கடைசி வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். நாலரை மணி யாருக்கும் சொந்தமில்லாத நேரம் என்று கைக்குழந்தை இருக்கும் வீட்டில் சொல்ல முடியாது. அது பெரும்பாலும் பால் கொடுத்துவிட்டுத் தாய் கண்ணயரும் நேரம், அல்லது கண்ணயர முடியாமல் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யும் நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் அப்பா வெளியே போய்விட்டால் மூத்த பிள்ளை எழுந்து அழுதாலும், அடுப்பில் பால் பொங்கினாலும், சின்னவனுக்குத் துணி மாற்ற வேண்டியிருந்தாலும் இருக்கிற ஒரு ஆள்தான் பார்க்க வேண்டும். ஓட்டக்காரர் கணக்கில் அது வெறும் அறுபது நிமிடமாக இருக்கலாம். வீட்டில் இருப்பவரின் கணக்கில் அது அன்றைய நாளின் தொடக்கமே கைமாறிப் போவது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை, சகோதரரே. என் கணவரும் கம்பம்மெட்டுச் சாலையில் ஏறி ஓடுகிறவர். ஓடிவிட்டு வந்த நாளில் அவர் முகம் தெளிவாக இருப்பதை நானும் பார்க்கிறேன், அது வீட்டுக்கும் நல்லதுதான். எங்கள் வீட்டில் நாங்கள் கண்டுகொண்ட முறை இவ்வளவுதான்: அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குச் சமமான நேரம் எனக்கும் உண்டு, அது அந்த வாரத்திலேயே உண்டு, அதை நான் கேட்டு வாங்க வேண்டியதில்லை. "உனக்கு வேணும்னா சொல்லு" என்பது பகிர்ந்துகொள்வதாகாது; கேட்பதும் ஒரு வேலைதானே. சனிக்கிழமை மாலையில் இரண்டு பிள்ளைகளும் அவர் பொறுப்பு என்றால், நான் தூங்கினாலும் கோவிலுக்குப் போனாலும் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும் யாரும் என்னைத் தேடி வருவதில்லை. உங்கள் வீட்டுத் தங்கச்சி ஜூன் மாதம் பள்ளிக்குத் திரும்பும்போது இந்த ஏற்பாடு ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும். அன்றைக்குத் தொடங்கினால் அது புதிய சண்டையாகத்தான் தொடங்கும்.

அவருக்கும் ஓட ஆசை இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் மூன்று மாதத்துக்கு முன்னால் ஓடத் தொடங்க வேண்டாம், அடிவயிறும் இடுப்புத்தளத் தசைகளும் தேறிவிட்டனவா என்று பார்த்துக்கொண்டே தொடங்க வேண்டும் என்று பிரிட்டனைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர்கள் 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது என்று தெரிகிறது. ஓட்டம் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் உரிய பழக்கமாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. பிள்ளை வளர்ப்பில் ஏதாவது ஒரு வேலையை முழுவதும் உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். உதவி செய்வது வேறு, பொறுப்பேற்றுச் செய்வது வேறு. எங்கள் வீட்டில் குளிப்பாட்டுவது அவர் வேலை. எண்ணெய் தீர்ந்துவிட்டதா, வெந்நீர் பதமாக இருக்கிறதா, சளி பிடித்திருப்பதால் இன்றைக்குத் துடைத்துவிட்டால் போதுமா என்ற யோசனை எதுவும் என் தலையில் இல்லை. அதில் எனக்குக் கிடைத்த நிம்மதியை அவர் செய்த வேறு எந்த உதவியும் தரவில்லை.

மார்த்தாண்டம் தூரிகை (களியக்காவிளைப் பக்கம்) எழுதியது:

மேலே சகோதரி எழுதியதை நான் ஓவியன் என்ற முறையில் வழிமொழிகிறேன். குடும்பத்தைப் பற்றிக் காமிக்ஸ் வரைகிறவனுக்கு அதைவிட நல்ல அறிவுரை கிடைக்காது.

குடும்பக் காமிக்ஸ் என்று வெளிவருவதில் பெரும்பகுதி தூரத்திலிருந்து வரையப்படுவது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பிள்ளை ஏதாவது வேடிக்கையாகச் சொல்லும், அம்மா சமையலறை வாசலில் நிற்பார். கடைசிக் கட்டத்தில் அப்பா கண்ணை உருட்டுவார். எத்தனை பேர் வரைந்தாலும் இதேதான் வரும், ஏனென்றால் பார்க்கும் இடம் ஒன்றாகவே இருக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டுகிறவனுக்குப் பார்க்கும் இடம் மாறிவிடுகிறது. கால்களை நீட்டி உட்கார்ந்து, குப்புறப் படுக்க வைத்த பிள்ளையின் முதுகில் இளஞ்சூடான நீரை ஊற்றும்போது, அதுவரை இறுக்கி மூடியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரியும். எண்ணெய் பட்ட காது மடல் ஒரு பக்கமாக மடிந்து தலையோடு ஒட்டிக்கொள்ளும். உங்கள் முழங்காலில் அதன் கன்னம் அமுங்கி வாய் ஒரு பக்கம் கோணும். மேலிருந்து கீழாகப் பார்க்கும் இந்தக் கோணம் கையில் எண்ணெயோடு இருக்கிறவனுக்குத்தான் வாய்க்கும். தம்பி, உங்களுடைய கறுப்புக் கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. நீங்கள் அவள் பக்கத்தில், அதே இருட்டில் உட்கார்ந்திருந்ததால்தான் அது வந்தது. ஆகவே பிள்ளைகளோடு இருக்கும் நேரம் காமிக்ஸிடமிருந்து பறிக்கப்படும் நேரம் என்று எண்ண வேண்டாம். அது இல்லாமல் வரைவதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது.

வரையும் நேரம் என்று தனியாக இரவைத் தேடாதீர்கள். வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிடித்து வைப்பது எப்போது வேண்டுமானாலும் நடக்கும்: சட்டைப்பையில் அடங்கும் சிறு நோட்டில், குச்சி குச்சியான உருவங்களும் அவர்கள் சொன்ன வார்த்தைகளும் இருந்தால் போதும். புனலூர் ரயில் மலையில் மெதுவாகத்தானே ஊர்கிறது. போகும் வழியில் கட்டங்களைப் பிரித்து, வசனத்தைச் சுருக்கி முடித்துவிடலாம். மையிட்டு முடிப்பதற்கு மட்டும் மேசையும் ஆற அமர ஒரு பொழுதும் வேண்டும். அதை வாரத்தில் ஒரே ஒரு முறை, எல்லாருக்கும் தெரிந்த ஒரு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்ற ஜி. அரவிந்தன் 1961 முதல் 1973 வரை மலையாள மாத்ருபூமி வார இதழில் "செறிய மனுஷ்யரும் வலிய லோகவும்" (சிறிய மனிதர்களும் பெரிய உலகமும்) என்ற காமிக்ஸ் தொடரை வரைந்துகொண்டிருந்தபோது ரப்பர் வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வாரத்துக்கு ஒன்று என்ற அளவு அலுவலகம் போகிற மனிதருக்கு இயலக்கூடியது என்பதற்கு மலைக்கு அந்தப் பக்கமே சான்று இருக்கிறது. இன்ஸ்டாகிராம் நாள்தோறும் கேட்கும். அதற்கெல்லாம் ஈடுகொடுக்க வேண்டிய கடமை உங்களுக்குக் கிடையாது.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. பிள்ளைகளை வரையலாமா என்றால் வரையலாம். ஆனால் உங்கள் பாத்திரங்கள் வயதாகப் போகிறவர்களா, ஒரே வயதில் நிற்கப் போகிறவர்களா என்பதை இப்போதே தீர்மானியுங்கள். கனடாவின் லின் ஜான்ஸ்டன் 1979இல் தொடங்கிய தொடரில் அவருடைய வீட்டைப் போன்ற ஒரு குடும்பம் நிஜக் காலத்தோடு சேர்ந்து வளர்ந்தது. அரவிந்தன் தொடரின் நாயகன் ராமுவும் அப்படித்தான் காலத்தோடு மாறினான். மலையாளக் கார்ட்டூனிஸ்ட் டோம்ஸ் வரைந்த போபன், மோளி என்ற சிறுவனும் சிறுமியுமோ, அவருடைய அண்டை வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து உருவானவர்கள். 1957இல் மலையாள மனோரமா வார இதழில் வந்தது முதல் அவர்கள் பிள்ளைகளாகவே இருந்தார்கள். சொந்தப் பிள்ளைகளை வரைகிறவர்களுக்கு நான் சொல்வது டோம்ஸின் வழி. பாத்திரம் நான்கு வயதிலேயே நின்றுவிட்டால் உங்கள் மகள் வளர்ந்து அதை விட்டு வெளியே நடந்துவிடலாம். பதின்மூன்று வயதில் அவளுடைய தோழிகள் பார்த்தாலும் அது சின்னப் பிள்ளை ஒன்றின் கதையாக இருக்குமே தவிர, அவளுடைய நேற்றைய கதையாக இருக்காது. பெயரை மாற்றுங்கள், பள்ளிச் சீருடையையும் வீட்டு வாசலையும் அடையாளம் தெரியாதபடி வரையுங்கள். குளியல், நோய், தண்டனை, அவமானப்பட்டு அழுதது ஆகியவை உங்கள் நோட்டில் இருக்கட்டும், வெளியே போக வேண்டாம். நான் மேலே குளியலைப் பற்றி எழுதியது உங்கள் கண்ணும் கையும் தேறுவதற்காக. அதில் வெளியே போக வேண்டியது விரியும் அந்த விரல்கள் மட்டும்.

என் மகள் பெரியவளான பிறகு, எந்தப் படமும் அவள் பார்த்துச் சரி சொன்ன பின்பே வீட்டை விட்டுப் போகும் என்று வைத்துக்கொண்டோம். வேண்டாம் என்று அவள் சொன்னவற்றுக்குக் காரணம் கேட்பதில்லை. அவற்றில் சில நான் வரைந்தவற்றிலேயே சிறந்தவை. அவை பெட்டியில் இருக்கின்றன, இருக்கட்டும்.

உங்கள் ஊர்ச் சாரல் மாதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரம் குடித்த தாளில் மை வேர்விட்டுப் பரவும். சாதாரண 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளை விட்டுவிட்டு 200 ஜிஎஸ்எம் அளவிலான வழவழப்பான அட்டைத்தாளுக்கு மாறுங்கள். தாளை மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பென்சில் கோட்டுக்கு வெளிர்நீலம் பயன்படுத்தினால், ஸ்கேன் செய்த பிறகு அதை எளிதாக நீக்கிவிடலாம். ரப்பரால் தேய்த்து ஈரத்தாளை உரிக்க வேண்டியிருக்காது.

புளியரைச் சாரல் (செங்கோட்டை) எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நானும் என் மனைவியும் சேர்ந்தமர்ந்து இந்தப் பதில்களைப் படித்தோம். சகோதரி எழுதிய பகுதியை அவர் இரண்டாம் முறை சத்தமாகப் படித்துக் காட்டினார்.

நாங்கள் முடிவு செய்திருப்பவை இவை. செவ்வாய்க்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் என் ஓட்டம். செவ்வாய் ஏற்றத்தில், ஞாயிறு நிதானத்தில். நாலரைக்குப் போகாமல், மகனுக்கு முதல் பால் முடிந்து, அவனைத் தோளில் போட்டுத் தூங்கவைத்துவிட்டு நான் கிளம்ப வேண்டும். வியாழன் மாலையும் சனி மாலையும் அவருடையவை. என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறோம். மகனின் குளியலையும், மகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்குக் கிளப்புவதையும் இனி முழுவதும் நான் பார்த்துக்கொள்கிறேன். என் அம்மாவுக்கு இதில் வருத்தம் இருந்தது. "ஆம்பளைப் பிள்ளைக்குக் கால் நீட்டிக் குளிப்பாட்டத் தெரியுமா?" என்றார். பிறகு அவரே பக்கத்தில் மணையில் உட்கார்ந்து, எந்தக் கையால் கழுத்தைத் தாங்க வேண்டும், சாம்பிராணி எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். கோவை மாரத்தானுக்கு இந்த ஆண்டு போகவில்லை.

இன்ஸ்டாகிராம் பக்கத்தை மூடிவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் படங்களை எதிர்பார்த்திருக்கும் உறவினர்கள் இருக்கிறார்கள். புனலூரில் உடன் வேலை பார்க்கும் நண்பர்களும் மொழி முழுவதும் தெரியாவிட்டாலும் விரும்பிப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் கொடுப்பதற்கு வேறு வழி இருக்கிறதா?

மைக்கறை (திருத்தணி, நகரிச் சாலை) எழுதியது:

இந்தக் கேள்வி என் தொழிலைச் சேர்ந்தது என்பதால் எழுதுகிறேன். எங்களுடையது திருமணப் பத்திரிகையும் சிறு புத்தகங்களும் அடிக்கும் அச்சகம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் குடும்பங்களுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் அடித்துக் கொடுக்கிறோம்.

ஆண்டுக்கு ஒரு முறை சிறு புத்தகமாகப் போட்டு, வேண்டியவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒன்று வரைந்தால், அதில் நன்றாக அமைந்தவற்றை மட்டும் பொறுக்கினாலே 16 பக்கம் தாராளமாகத் தேறும். அச்சுக்காரர்கள் கணக்கில் அது ஒரு ஃபாரம். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 16 பக்கமும் தனி அட்டையும் என்றால் கச்சிதமாக நிற்கும். ஐம்பது, நூறு பிரதிகளுக்கு, பிளேட் எனும் தகடு செய்து அடிக்கும் ஆஃப்செட் அச்சு வேண்டாம். எத்தனை பிரதி அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான் என்பதால், குறைந்த எண்ணிக்கைக்கு டிஜிட்டல் அச்சே கட்டுப்படியாகும். உங்கள் ஊருக்கு அருகில் சிவகாசி இருக்கிறது. விசாரித்தால் நல்ல அச்சகம் கிடைக்கும்.

படங்களை ஏ5 அளவான 148க்கு 210 மில்லிமீட்டரை மனத்தில் வைத்து, அதைவிடப் பெரிதாக வரையுங்கள். சுருங்கும்போது கோடு இறுகும். கறுப்புக் கோட்டுப் படங்களை 600 டிபிஐக்கு (ஓர் அங்குலத்தில் அத்தனை புள்ளிகள்) குறையாமல் ஸ்கேன் செய்ய வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் இதற்கு உதவாது. பின் விழும் நடுப்பக்கம் ஓரமாக எழுத்தைக் கொண்டுபோகாதீர்கள், வெட்டும் ஓரங்களிலும் வசனத்துக்குப் போதிய இடம் விடுங்கள். குகைக்குள் போகும் அந்தக் கறுப்புக் கட்டம் போன்றவற்றைப் பக்கத்தின் ஓரம் வரை கொண்டுபோக விரும்பினால், வெட்டுக் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் அதிகமாகக் கறுப்பை நீட்டி அனுப்புங்கள். இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கீற்று தெரியும். கறுப்பில் வெள்ளெழுத்து வரும் இடத்தில் எழுத்தைச் சற்றுத் தடிமனாக எழுதுங்கள், மெல்லிய எழுத்துக்குள் மை இறங்கி மூடிவிடும்.

தாளைப் பொறுத்தவரை, பளபளப்பான ஆர்ட் தாளை விட்டுவிட்டு மேற்பூச்சு இல்லாத 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளைக் கேளுங்கள். பிள்ளைகள் கிரேயானால் அதன் மேல் வரைந்தாலும் பிடிக்கும்.